ஜமால் பாய் ஏற்றிக்கொண்ட ஆறு பேர்

நான் ஓய்வு பெற்றதும் எங்கள் ஊர் ஓட்டக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் என்னைச் சேர்த்துவிட்டார்கள். விடிந்தும் விடியாமல் அதில் படம் வந்து விழும். அவனவன் கையில் கட்டியிருக்கிற வாட்ச்சைப் படம் பிடித்துப் போடுவான். எத்தனை கிலோமீட்டர், எத்தனை நாடித்துடிப்பு, எவ்வளவு வேர்வை, எல்லாம் அதிலேயே இருக்கும். போன வாரம் ஒரு இன்ஜினியர் தம்பி கேட்டிருந்தார்: "சார், முப்பது கிலோமீட்டருக்கு மேல கால் ஓடுது, மனசு ஓட மாட்டேங்குது. மனச எப்படி சார் ட்ரெயின் பண்றது? உங்க அனுபவத்துலேர்ந்து சொல்லுங்களேன்." அதற்குக் கீழே பத்துப் பதினைந்து பேர் கும்பிடு போட்டிருந்தார்கள்.

கும்பிடு போட்டால் நான் உருகிவிடுவேன் என்று யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். சொல்லிக்கொடுத்தது சரிதான், உருகிவிட்டேன். வாய்ஸ் மெசேஜில் சொல்லலாம் என்று பார்த்தேன், பாதியிலேயே கோபம் வந்து வேறு எங்கோ போய்விடுகிறது. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்த மனசு விஷயத்தை முப்பது வருஷம் நான் தப்பாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அதைத் திருத்தியது ஒரு பஸ் கண்டக்டர்.

உடற்கல்விப் படிப்பை முடித்துவிட்டு, இரண்டு வருஷம் அங்கே இங்கே தற்காலிகமாக விசில் ஊதிவிட்டு, மன்னார்குடியில் ஒரு கல்லூரிக்கு உதவியாளனாக வந்து சேர்ந்தேன். அந்த வருஷங்களைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. பந்துக்குக் காற்றடித்தேன், வலை கட்டினேன், திட்டு வாங்கினேன். திட்டியவர் எனக்கு மேலே இருந்த உடற்கல்வி இயக்குநர் அந்தோணிசாமி சார். தஞ்சாவூர்க்காரர். தூரம் ஓடுகிறவர்களைத் தயார் செய்வதில் அவருக்கு எங்கள் பக்கத்தில் பெரிய பெயர்.

அவருடைய முறையை நேரில் பார்க்காதவர்கள் நம்ப மாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் பாமணியாற்றங்கரையில் ஒரு புங்கமரத்தடியில் இரும்பு மடக்கு நாற்காலியைப் போட்டு, ஓடுகிற பாதைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொள்வார். கையில் பேப்பர். பையன்களை ஐந்து நிமிஷத்துக்கு ஒருவனாக அனுப்பவேண்டும், இரண்டு பேர் சேர்ந்து ஓடவே கூடாது. அவர்கள் கரையோரமாகப் போய் அவர் முதுகுக்குப் பின்னால் நான்கு முறை கடப்பார்கள். மனிதர் திரும்பியே பார்க்க மாட்டார். காலடிச் சத்தத்தை வைத்தே சொல்லுவார். "வர்றது சேகரு. நல்லாருக்கான், உடு." "இவன் குதிகால இழுக்குறான். கால்ல ஒண்ணுமில்ல, மனசு வீட்டுக்குப் போயிடுச்சு. போய்க் கேளு."

போய்க் கேட்பதுதான் என் வேலை. சைக்கிளில் அவன் பக்கத்திலேயே போய், "இன்னைக்கு வீட்ல என்னடா கொழம்பு?" என்று கேட்கவேண்டும். வேறு எதையும் கேட்கக் கூடாது. "வத்தக் கொழம்பு சார், அப்பளம் பொரிக்கிறேன்னாங்க" என்று விவரமாகச் சொன்னால் இன்னும் எட்டுக் கிலோமீட்டர் தாங்குவான். "இப்ப அதுவா சார் முக்கியம்?" என்று எரிந்து விழுந்தால் நாலு கிலோமீட்டர். "தெரியல சார்" என்று முனகினால் சைக்கிள் கேரியரில் ஏற்றிக்கொண்டு வந்துவிடவேண்டும். நான் வேண்டுமென்றே பலநாள் சோதித்துப் பார்த்திருக்கிறேன், சாரின் கணக்குத் தப்பவே இல்லை.

எங்கள் பக்கம் ஒரு மேடு பள்ளம் கிடையாது. ஊர் எட்டுக் கிலோமீட்டர் இருக்கும்போதே கோயில் கோபுரம் தெரிய ஆரம்பித்துவிடும். ஓடுகிறவனுக்கு அதைவிட எதிரி இல்லை. ஓடி ஓடிச் சாவான், கோபுரம் ஓர் இஞ்ச் நகராது. அதனால், "கோபுரத்தப் பாக்காத, அடுத்த கரண்டு போஸ்ட்டப் பாரு" என்று சார் ஒவ்வொருவனுக்கும் சொல்லுவார். இதை இன்றைக்கும் நான் சொல்கிறேன், நீங்களும் குறித்துக்கொள்ளலாம்.

ஏன் தனித்தனியாக ஓடவிடுகிறீர்கள் என்று ஒருநாள் அவரைக் கேட்டேன். பேப்பரை மடித்து மடியில் வைத்துக்கொண்டார். அது அபூர்வம். "கூட ஆளு இருந்தா மனசு அவன்மேல சாஞ்சுக்கும் செல்வராசு. சாஞ்சே பழகிருச்சுன்னா அப்புறம் நிக்கத் தெரியாது. தூரம் ஓடுறதுன்னா தனியா இருக்கத் தெரியணும். அது இல்லாதவன கபடிக்கு அனுப்பிரு." நான் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டேன். அவர் ஓய்வு பெற்று நான் இயக்குநரானபோது முதல் வேலையாக ஒரு மடக்கு நாற்காலி வாங்கினேன். எனக்குக் காலடிச் சத்தம் கேட்டு ஒரு மண்ணும் புரியவில்லை, ஆனாலும் முதுகைக் காட்டித்தான் உட்கார்ந்தேன்.

ஜமால் பாய் எங்கள் மைதானத்துக்கு வந்தது என் வேலையின் கடைசி வருஷங்களில். மன்னார்குடி தஞ்சாவூர் பஸ்ஸில் கண்டக்டர். வயது நாற்பத்தெட்டு. சர்க்கரை வந்துவிட்டது, நடங்கள் என்று டாக்டர் சொன்னதால் எங்கள் மைதானத்தைச் சுற்றி நடந்தார். நடந்தவர் ஆறு மாதத்தில் ஓடினார். ஒரு வருஷத்தில் பத்துக் கிலோமீட்டரை மூச்சு வாங்காமல் ஓடினார். நான்தான் ஆசை காட்டினேன், தஞ்சாவூரில் தை மாதம் நடக்கிற முழு மாரத்தானுக்குப் பெயர் கொடுங்கள் என்று. நாற்பத்திரண்டு கிலோமீட்டர். ஆறரை மணி நேரத்துக்குள் முடிக்கவேண்டும்.

முதல் வருஷம் இருபத்தெட்டாவது கிலோமீட்டரில் நின்றுவிட்டார். சரி, முதல்முறை. இரண்டாவது வருஷமும் இருபத்தெட்டு. மூன்றாவது வருஷம் இருபத்தொன்பது. அடிபடவில்லை, மயக்கம் இல்லை, பிடிப்பு இல்லை. ஓரமாக உட்கார்ந்துவிடுவார். "கால் நகரல சார்" என்பார், அவ்வளவுதான்.

இது எப்படியோ பஸ்ஸுக்குள் தெரிந்துவிட்டது. தினமும் அந்த பஸ்ஸில் வருகிற கல்லூரிக் கூட்டம் அவருக்கு "அரை டிக்கெட்" என்று பெயர் வைத்துவிட்டது. டிக்கெட் கேட்டால், "எனக்கு முழு டிக்கெட் பாய், நீங்கதான் அரை" என்று ஒருவன் சொல்ல, பஸ்ஸே சிரித்திருக்கிறது. பாயும் சிரித்துக்கொண்டேதான் என்னிடம் சொன்னார். சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் ஷூ லேஸை அவிழ்ப்பதும் கட்டுவதுமாக இருந்தார்.

"சார், இருபத்திரண்டு வருஷமா ஊர்ல இருக்குற சனத்தையெல்லாம் அவங்கவங்க எடத்துல கொண்டுபோய் எறக்கி விட்டுருக்கேன். ஒரே ஒரு வாட்டி நானா ஒரு எடத்துக்குப் போய்ச் சேரணும் சார். இந்த வருஷமும் பாதில நின்னேன்னா, இனிமே ஓட மாட்டேன். நடை போதும் சர்க்கரைக்கு."

அவர் மனைவி மெஹருன்னிசா அதைவிடக் கண்டிப்பு. நான் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தபோது, மகள் சபானா டீ கொண்டுவந்து வைத்ததும் சொன்னார்: "சார், ஒவ்வொரு வருஷமும் தஞ்சாவூர்லேருந்து இவங்க மூஞ்சிய வச்சிட்டு வர்றதப் பாக்க என்னால முடியல. இதான் கடைசி. பாதில வந்தாங்கன்னா ஷூவ எடுத்துப் பரண்ல போட்டுட்டு ஏணியையும் எடுத்து வச்சிருவேன்." பாய் உள்ளேயிருந்து, "ஏணி நம்ம ஏணி இல்ல, பக்கத்து வீட்டு ஏணி" என்றார். சிரித்தோம். ஆனால் அந்த அம்மாள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரிந்தது.

நான் என்ன செய்தேன்? எனக்குத் தெரிந்ததைச் செய்தேன். ஞாயிற்றுக்கிழமைதோறும் அவரைத் தனியாக அனுப்பினேன். முப்பது கிலோமீட்டர், ஒரு ஆள் கூட இல்லாமல், கரையோரம். கேட்டால், தனியாக இருந்து பழகுங்கள் என்றேன். அவர் ஒவ்வொரு முறையும் இருபத்தெட்டில் உட்கார்ந்தார். நான் டி.வி.எஸ்ஸில் போய்க் குழம்பு கேட்டேன். "கொழம்பு இல்ல சார், நெய்ச்சோறும் தாலிச்சாவும்" என்று அழகாகச் சொல்லுவார், அடுத்த நிமிஷம் உட்கார்ந்துவிடுவார். அந்தோணிசாமி சாரின் கணக்கு முதல்முறையாகத் தப்பியது. எனக்குக் கோபம் தலைக்கேறியது.

"உங்களுக்கு மனசுல உறுதி இல்ல பாய், அதான் விஷயம்" என்று ஒருநாள் சொல்லிவிட்டேன். நடு மே மாதத்தில், வெந்து போகிற பஸ்ஸில், பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் முப்பது நாள் நோன்பு வைத்துக்கொண்டு டிக்கெட் கிழித்தவரைப் பார்த்துச் சொன்னேன். அறிவு இருக்கிறவன் பேசுகிற பேச்சா?

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. யோசித்துத்தான் சொன்னார். "நோன்பு வேற சார். வீட்ல, தெருவுல, பள்ளிவாசல்ல எல்லாருமா சேந்துல்ல புடிக்கிறோம். இங்க நான் மட்டும்தான இருக்கேன்."

"சாக்குச் சொல்லாதீங்க" என்றேன். மருந்தை அவர் கையில் வைத்துக்கொண்டு நீட்டினார், நான் தட்டிவிட்டேன்.

அதற்கடுத்த நாள், திங்கட்கிழமை, எனக்குத் தஞ்சாவூரில் வேலை. தற்செயலாக அவர் பஸ்ஸிலேயே ஏறினேன். முந்தின நாள்தான் இருபத்தெட்டில் உட்கார்ந்து, என் வண்டியில் ஏறி வீட்டுக்குப் போனவர். கணுக்கால் வீங்கியிருந்தது. வடுவூர் தாண்டியதும் பஸ்ஸின் முன்பக்கத்திலிருந்து புகை வந்தது. டிரைவர் ஓரங்கட்டி இறங்கிப் பார்த்துவிட்டு, இது நகராது என்று கையை விரித்தார். எழுபது பேர், கொளுத்துகிற வெயில், ரோட்டோரத்தில் நெல் காயப்போட்டிருந்ததால் நிற்கக்கூட இடம் இல்லை.

நான் ஒரு புளியமரத்தடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பாய் வருகிற வண்டியையெல்லாம் ஓடி ஓடி மறித்தார். தனியார் பஸ்ஸில் ஐந்து பேர், மினி பஸ்ஸில் ஆறு பேர், பரீட்சைக்குப் போகிற பெண்ணை, பைக்கில் மனைவியோடு வந்த ஒருவரிடம் சண்டை போட்டு அந்த அம்மாளின் பின்னால் உட்காரவைத்தார். மாசமாக இருந்த ஒரு பெண்ணுக்கு அரைக் கிலோமீட்டர் ஓடிப்போய் ஒரு பம்ப்செட்டிலிருந்து தண்ணீர் கொண்டுவந்தார். திரும்பவும் ஓடிப்போய் இன்னொரு பாட்டில் கொண்டுவந்தார். இப்படி ஒன்றே முக்கால் மணி நேரம். டிரைவர் மரத்தடியில் துண்டை விரித்துப் படுத்துவிட்டார். இந்த மனிதர் ஒரு தடவைகூட உட்காரவில்லை.

"பாய், நேத்து நகராத காலு இன்னைக்கு எப்படி நகருது?" என்று கேட்டேன்.

"என்ன சார்?"

"கால் வலிக்கலையான்னு கேட்டேன்."

குனிந்து தன் கணுக்காலைப் பார்த்தார். அங்கே ஒரு கால் இருப்பதே அப்போதுதான் ஞாபகம் வந்ததுபோல இருந்தது. "வலிக்குது சார். ஆனா எங்க நேரம்? சனம் நிக்கிதுல்ல."

அந்தப் புளியமரத்தடியில் என் முப்பது வருஷமும் கலகலத்துப்போயிற்று. அந்தோணிசாமி சார் சொன்னது பொய் இல்லை, தனியாக விட்டால்தான் உரம் ஏறுகிற மனசு உண்டு. ஆனால் ஆள் இருந்தால்தான் எழுந்து நிற்கிற மனசும் உண்டு. அது சாய்கிற மனசு இல்லை, தாங்குகிற மனசு. அப்படிப்பட்டவனைக் கொண்டுபோய் ஆற்றங்கரையில் ஒற்றையாக விட்டால் அவன் யாருக்காக ஓடுவான்? செந்தில் என்று ஒருவன் இருந்தான், நல்ல காலுள்ளவன். தனியாக விட்டால் நின்றுவிடுவான். "உனக்கு மனசு பத்தாதுடா" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். இப்போது பெட்ரோல் பங்கில் மேனேஜராக இருக்கிறான், என்னைப் பார்த்தால் இன்னும் வணக்கம் வைக்கிறான். எனக்குத்தான் அவன் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருக்கிறது. அந்தோணிசாமி சார் அப்போது காலமாகியிருந்தார். இருந்திருந்தால் போய்ச் சண்டை போட்டிருப்பேன், தோற்றும் போயிருப்பேன்.

மறுநாளே பாயிடம் சொன்னேன். "இனிமே தனியா ஓட வேண்டாம். மைதானத்துல சும்மா நடக்குறவங்க, தொப்பையக் கொறைக்க வந்தவங்க, எல்லாரையும் ஏத்திக்கிட்டு ஓடுங்க. ரேஸ் அன்னைக்கு இருபத்தஞ்சு தாண்டுனா ஓரமா நின்னுருப்பாங்க பாருங்க, மூஞ்சி செத்துப் போய். அவங்கதான் உங்க பாசஞ்சர்."

"முன்னப்பின்னத் தெரியாதவங்க சார். வருவாங்களா?"

"உங்க பஸ்ல ஏறுறவங்கள்லாம் உங்க மாமன் மச்சானா?"

நான்கு ஞாயிற்றுக்கிழமை அப்படி ஓடினார். "உள்ள வாங்க, உள்ள வாங்க, பின்னால எடம் இருக்கு" என்று குரல் கொடுத்துக்கொண்டே முப்பத்திரண்டு வரைக்கும் போனார். அதற்குமேல் நான் ஓடவிடவில்லை. பயம். முப்பத்திரண்டில் நிறுத்தியது சரியா தப்பா என்று ரேஸ் அன்று காலை வரைக்கும் எனக்குள் அடித்துக்கொண்டது.

ரேஸ் காலை ஐந்து மணிக்குத் தஞ்சாவூரில் தொடங்கி, புது ஆற்றங்கரையோடு ஒரத்தநாட்டுப் பக்கம் போய்த் திரும்பி வரவேண்டும். பதினொன்றரைக்கு முடிவுக் கோட்டை மூடிவிடுவார்கள். பாதையில் வண்டி விடமாட்டார்கள் என்பதால் நான் முடிவுக் கோட்டிலேயே நின்றேன். வழியில் நடந்தது, பாய் ஏற்றிக்கொண்டு வந்த ஆறு பேரும் பிறகு என்னிடம் சொன்னது.

இருபத்தேழாவது கிலோமீட்டரில் பாய் தள்ளாடினாராம். அங்கே மயிலாடுதுறைப் பல் டாக்டரம்மா ஒருவர் மைல்கல்லில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தார். "என்னம்மா எறங்கிட்டீங்க? ஊரு வரலையே இன்னும்" என்று கேட்டிருக்கிறார் பாய். அந்த அம்மாளுக்குச் சிரிப்பு வந்து ஷூவைத் திரும்ப மாட்டிக்கொண்டார். அடுத்தது கும்பகோணத்து நர்ஸ் ஒருவர். அப்புறம் திருச்சி கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர்கள் இரண்டு பேர், கையில் வாட்ச், வாட்ச்சில் சார்ஜ் இல்லை. ஒரு ரிட்டயர்டு தாசில்தார். கடைசியாகப் பாபநாசத்து உரக்கடைக்காரர் கலியமூர்த்தி, நல்ல கனத்த உடம்பு. அவர் ஓட்டத்தை விட்டுவிட்டு, ரோட்டில் காயப்போட்டிருந்த நெல்லை அள்ளிப் பார்த்து, ஈரம் போகவில்லை என்று அந்த விவசாயியோடு பேசிக்கொண்டிருந்தாராம். "நெல்லு காஞ்சிக்கும், நீங்க வாங்க" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டார் பாய். இருபத்தெட்டு எப்போது போனது, இருபத்தொன்பது எப்போது போனது என்று யாருக்கும் தெரியவில்லை. தெரியவேண்டியவருக்கும் தெரியவில்லை.

பதினொன்று இருபத்திரண்டுக்கு வளைவில் அவர்கள் தலை தெரிந்தது. நான் கத்தியதில் பக்கத்தில் மோர் விற்ற அம்மாள் காதைப் பொத்திக்கொண்டார். டாக்டரம்மா வந்தார், நர்ஸ் வந்தார், திருச்சிக்காரர்கள் வந்தார்கள், தாசில்தார் கையை ஆட்டிக்கொண்டே வந்தார். பாய் கோட்டுக்கு நான்கு எட்டு இருக்கும்போது ஓரமாக ஒதுங்கி நின்றார். விரலை மடக்கி எண்ணினார்.

"வாங்க பாய்! என்ன நிக்கிறீங்க?"

"ஒரு ஆளு கொறையுது சார்."

சொல்லிவிட்டுத் திரும்பி, வந்த வழியே ஓடினார்.

மூன்று வருஷம் காத்திருந்த கோடு, நான்கு எட்டு. கையை நீட்டினால் தொட்டுவிடலாம். நான் என்னென்ன சொல்லித் திட்டினேன் என்பதை இங்கே எழுத முடியாது. "யோவ், கோட்டத் தாண்டிட்டுப் போய்யா! தாண்டிட்டுப் போய்த் தேடு!" என்று கத்தினேன். அவர் வளைவில் மறைந்துவிட்டார். கடிகாரம் இருபத்தாறு, இருபத்தேழு என்று போனது. முடிவுக் கோட்டுக்காரர் கயிற்றை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது, ஒளிப்பானேன்.

இருபத்தெட்டேகாலுக்கு வளைவில் தெரிந்தார்கள். கலியமூர்த்திக்குத் தொடை பிடித்துக்கொண்டு வளைவுக்கு அப்பால் நின்றுவிட்டிருக்கிறார். அவர் கை பாயின் தோளில் கிடந்தது. பாய் அந்தக் கனத்தையும் சுமந்துகொண்டு, "அவ்ளோதான், வந்தாச்சு, பாத்து, பாத்து" என்று சொல்லிக்கொண்டே நொண்டி நொண்டி வந்தார். கோட்டில் அவரை முதுகில் கைவைத்து முன்னால் தள்ளிவிட்டார். பிறகு பின்னால் ஒருமுறை திரும்பி, ரோட்டில் யாரும் இல்லை என்று பார்த்துவிட்டு, தானும் தாண்டினார். அதற்குப் பின் இருபது விநாடியில் கயிறு கட்டினார்கள்.

"என்ன மனசுய்யா உமக்கு?" என்றுதான் என்னால் கேட்க முடிந்தது.

"அதெப்படி சார், ஏத்துன ஆள விட்டுட்டு நான் எறங்க முடியும்?" என்றார். அந்த நேரத்தில் அவர் போன் அடித்தது. எடுத்தார். என் கையில் திணித்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துகொண்டார்.

"சார், எத்தனாவதா வந்தாங்க?" என்றார் மெஹருன்னிசா.

"கடைசிம்மா."

மெதுவாகக் கேட்டார்: "முழுசா வந்தாங்களா?"

"முழுசா வந்துட்டாரும்மா. கூட ஆறு பேரையும் கொண்டாந்து சேத்துட்டாரு."

போனைக் கீழே போட்டிருக்கவேண்டும், டொக்கென்று கேட்டது. தூரத்தில் அந்த அம்மாள் வீடு முழுக்கக் கேட்கும்படி கத்துவது மட்டும் காதில் விழுந்தது: "ஏ சபானா, எங்கடி இருக்க, ஓடியா! அத்தா முழுசா ஓடிட்டாங்கடி!"